டிரம்மின் மேல் எண்பது

லேப் அக்காவும் டிரம் அண்ணனும் கூடப் பிறந்தவர்கள் என்பது அந்தத் தொழிற்சாலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். தெரிந்தாலும் நம்ப மாட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரே மூக்கு, ஒரே முன்கோபம், இடது தோளைச் சாய்த்துக்கொண்டு நடக்கிற அதே நடை. ஆனால் எதிரெதிரே வந்தால் அவள் சுவரைப் பார்ப்பாள், அவன் தரையைப் பார்ப்பான். பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அட்டைப்பெட்டி ஒட்டுகிற பசை தயாரிக்கும் இடம் அது. வருகிற சரக்கைச் சோதிப்பதும் புதுப் பசையைச் சிறு அளவில் கலந்து பக்குவம் பார்ப்பதும் அவள் வேலை. சரக்கு டிரம்களை வாங்கி அடுக்குவதும், குளிரில் உறைந்துபோனதைச் சூட்டறையில் வைத்து உருக்கிக் கொடுப்பதும் அவள் அண்ணன் வேலை. அவள் கையொப்பமில்லாமல் ஒரு டிரம்மும் திறக்காது. அவன் நகர்த்தாமல் ஒரு டிரம்மும் அவளிடம் வராது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது.

சண்டைக்குக் காரணம் அவர்களுடைய அப்பா. அப்பா கல்குவாரியில் துளை போடும் வேலை பார்த்தவர். அவர் போனபோது தங்கை வெளியூரில் கம்பெனிப் பயிற்சியில் இருந்தாள். விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

“நாலு மணி நேரம் பொறுக்க முடியலையா உனக்கு?” என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்.

“நீ வந்து என்ன, உயிரா குடுக்கப் போற?” என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். இரண்டே வாக்கியம். இரண்டு பேரும் அழுது களைத்திருந்தார்கள், இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. மறுநாள் யாராவது ஒருவர் ஒரு வாய் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியிருந்தால் போயிருக்கும். நீட்டவில்லை. அப்புறம் நாள் ஆக ஆக, முதலில் வாயைத் திறப்பவர் தோற்றவர் என்று ஆகிவிட்டது. இந்த மாதிரிப் பந்தயத்தில் ஜெயித்து யாருக்கு என்ன கிடைத்ததோ தெரியாது.

பேச்சுக்குப் பதில் அவர்களிடம் சாக்பீஸ் இருந்தது. இருநூறு லிட்டர் கறுப்பு டிரம்மின் வயிற்றில் அவள் எத்தனை லிட்டர் எடுத்தாள் என்று எண்ணை எழுதுவாள். குளிர்காலத்தில், உறைந்த டிரம்மை முழுக்க உருக்கி, தரையில் உருட்டிக் கலந்த பிறகு, அவன் ஒரு வட்டம் போடுவான். வட்டம் இருந்தால் எடுக்கலாம். யாரும் சொல்லிக்கொடுத்த ஏற்பாடில்லை, தானாக முளைத்தது. மூன்று வருஷமாக ஒரு பிசகும் இல்லை.

“இந்தக் கம்பெனியிலேயே தகராறு இல்லாம வேலை நடக்குறது உங்க ரெண்டு பேர் கிட்டதான். பேசினாத்தானே தகராறு வரும்!” என்று சிரிப்பார் உற்பத்தி அதிகாரி. எதற்கெடுத்தாலும் அவசரப்படுத்துவதால் அவருக்குச் ‘சீக்கிரம் சார்’ என்று பெயர்.

இங்கே கொஞ்சம் ரசாயனம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அன்று மத்தியானம் அவள் ஏன் அப்படி ஓடினாள் என்பது விளங்காது.

ஒரு மூலக்கூறுக்குள்ளே அணுக்களைச் சேர்த்து வைத்திருப்பது பிணைப்பு. எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு நடத்துகிற குடித்தனம் அது, லேசில் பிரியாது. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் நடுவில் இருப்பது வெறும் ஈர்ப்பு, பக்கத்து வீட்டுப் பழக்கம் மாதிரி. குளிர்ந்தால் நெருங்கி நிற்கும். சூடு பட்டால் அவரவர் வழியே போய்விடும். தண்ணீர் கொதிக்கும்போது தண்ணீரே உடைந்து காற்றாகிறது என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களிலேயே நிறையப் பேர். ஒன்றும் உடைவதில்லை. நெருங்கி நின்றவை விலகுகின்றன, அவ்வளவுதான். உள்ளே இருக்கிற குடித்தனம் அப்படியே இருக்கிறது.

அவர்கள் டிரம்களில் வந்தது அக்ரிலிக் அமிலம். பதின்மூன்று டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். உறைவதால் கெடுதல் இல்லை, உருக்கினால் பழையபடி ஆகிவிடும். ஆனால் அதற்கு இன்னொரு குணம் உண்டு. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. கிளப்பிவிட்டால் அதில் ஒன்றை அவிழ்த்துப் பக்கத்து மூலக்கூறை நிஜமாகவே பிணைத்துக்கொள்ளும். அது அடுத்ததைப் பிடிக்கும், அது அதற்கடுத்ததை. ஒவ்வொரு பிடிக்கும் சூடு கக்கும், அந்தச் சூடு இன்னும் நாலு பேரைக் கிளப்பும். அதன் பிறகு ஹீட்டரை அணைத்தாலும் நிற்காது. டிரம் முழுவதும் ஒரே சங்கிலியாகித்தான் ஓயும், அதற்குள் டிரம் தாங்காது. இப்படி ஆகாமல் இருக்கத்தான் விற்கிறவர்களே ஒரு சிட்டிகை தடுப்பான் கலந்து அனுப்புகிறார்கள்.

வில்லங்கம் எங்கே என்றால், உறையும்போது மூலக்கூறுகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் சொந்த இனத்துக்கு மட்டுமே இடம். தடுப்பானை ஒதுக்கித் தள்ளிவிடும். டிரம்மின் ஓரமெல்லாம் வெள்ளையாக உறைய, தடுப்பான் முழுவதும் நடுவில் உறையாமல் நிற்கும் திரவத்தில் போய்ச் சேரும். அந்தத் திரவத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை உருக்கினால் காவல் இல்லாத அமிலம் உருகும். அதனால்தான் டிரம் ஷெட்டின் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது: ‘பாதி உறைந்த டிரம்மிலிருந்து ஒரு சொட்டும் எடுக்காதே.’ எழுதியது வேறு யாருமில்லை, அவளேதான். ஏணி மேல் நின்று தன் கையாலேயே எழுதினாள். அப்போது அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். பேச்சு இருந்த காலம் அது.

அந்த வருஷத்தின் குளிர் நாலு நாளாகத்தான் கூடிக்கொண்டு வந்தது. வட்டம் போடும் பருவம் இன்னும் தொடங்கவில்லை. காலை ஏழு மணிக்கு அவள் கேன்களுடன் டிரம் ஷெட்டுக்குப் போனாள். மதில் ஓரமாக, வெளியே நின்றிருந்த டிரம்மைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே தளும்பியது. கைப்பம்பை நடுவில் இறக்கிச் சுற்றினாள். எண்பது லிட்டர் வந்ததும் பம்பு காற்றை இழுத்து இருமியது.

முழு டிரம்மாயிற்றே, எண்பதிலேயே தீருமா என்று ஒரு கணம் யோசித்தாள். உற்பத்திக்காரர்கள் யாரோ ஏற்கனவே பாதி எடுத்திருப்பார்கள் என்று தோன்றியது. பத்தடி தள்ளி அண்ணன் நின்றுகொண்டிருந்தான், ஏதோ ஒரு மூடியைத் துடைத்துக்கொண்டு. ‘அண்ணா, இது ஏற்கனவே திறந்த டிரம்மா?’ என்று கேட்டிருக்கலாம். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. அவள் கேட்கவில்லை. டிரம்மின் மேல் ‘80’ என்று எழுதிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நடந்து போய்விட்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் சோதனைக் கருவி அவள் முறைக்கு வந்தது. தடுப்பான் அளவு பத்து லட்சத்துக்கு இருநூறு பங்கு என்று காட்ட வேண்டும். நானூற்றெண்பத்தாறு காட்டியது. குழாயைச் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு கழுவி மறுபடி பார்த்தாள். நானூற்றெண்பத்துநாலு. வேறு கேனிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அதுவும் அதையேதான் சொன்னது.

அப்போது டிரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர் காலிக் கேன்களை எடுத்துப்போக உள்ளே வந்தார்.

“அண்ணே, காலைல நான் எடுத்த டிரம்மு, மதில் ஓரமா நின்னது, அது காலிதானே?” என்று கேட்டாள்.

“காலியா? நல்லாச் சொன்னீங்க. அதை நகர்த்துறதுக்குள்ள எங்களுக்கு நாக்குத் தள்ளிப் போச்சு. சுத்திலும் உறைஞ்சு கெடக்கு. காலைலயே டிரம் அண்ணன் சூட்டறையில ஏத்திட்டாரு. சீக்கிரம் சார் வந்து, மிச்சத்தையும் சீக்கிரம் குடு, கொஞ்சம் சூட்டைக் கூட்டுன்னு நின்னாரு.”

“ஏத்தினவரு ஒண்ணும் கேக்கலையா? உறைஞ்ச டிரம்முல எப்படி எண்பது எடுத்தாங்கன்னு?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘அவ எழுதியிருக்கா இல்ல, பாக்காம எடுக்க மாட்டா’ன்னுட்டாரு.”

லேப் அக்கா கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள். அவன் அவளை நம்பியிருக்கிறான். மூன்று வருஷமாக முகம் பார்க்காதவன், அவள் எழுதிய இரண்டு இலக்கத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, காவல் இல்லாத நூற்றிருபது லிட்டரை அடுப்பில் ஏற்றி வைத்திருக்கிறான். ஏழு மணி நேரம் ஆகப்போகிறது.

உள் தொலைபேசியை எடுத்து ஷெட்டுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

“லேப் நம்பர்னா அவரு எடுக்க மாட்டாரே அக்கா,” என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர், பாவம், ஒன்றும் புரியாமல். “வேற யாராவது பக்கத்துல இருந்தாத்தான்.”

“எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க. சங்கை ஊதச் சொல்லுங்க. ஷெட்டுப் பக்கம் ஒரு ஆள் வரக்கூடாது. ஓடுங்க!”

அலமாரியிலிருந்து தடுப்பான் கரைசல் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். வெறி பிடித்த டிரம்மில் ஊற்றி அடக்குவதற்கென்றே வைத்திருப்பது. கையில் இருந்தது ஒரு லிட்டர். போதுமா, மூடியைத் திறக்க முடியுமா, நேரம் இருக்கிறதா? ஓடினாள்.

லேபிலிருந்து ஷெட்டுக்கு நானூறு அடி இருக்கும். நாற்பது வயதுக்காரி, பத்து வருஷமாக மாடிப்படிகூட ஓடி ஏறாதவள். பசைக் கலவைக்கூடம், பெட்டி அடுக்கும் இடம், கைகழுவும் தொட்டி. எதிரே சீக்கிரம் சார் வந்தார்.

“என்னம்மா, மாரத்தானா?”

“ஓடுங்க சார்!” என்று அவர் தோளில் இடித்துத் தள்ளிவிட்டுப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை ஒருவர் அவசரப்படுத்தினார். அவர் திகைத்து நின்றார். சங்கு அலறத் தொடங்கிய பிறகுதான் அவர் கால்கள் வேலை செய்தன.

ஓடும்போது அவளுக்குள் ஒரே ஒரு நினைப்பு. அவன் வெளியே இருக்கட்டும். டீ குடிக்கப் போயிருக்கட்டும், யாரையாவது திட்டிக்கொண்டு வாசலில் நிற்கட்டும். டிரம் போகட்டும், ஷெட் போகட்டும், வேலை போகட்டும். அவன் மட்டும் உள்ளே இருக்கக் கூடாது.

உள்ளேதான் இருந்தான். சூட்டறையின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. சூட்டை வீசும் பழைய ஊதி ஓயாமல் இரைந்தது. அண்ணன் குனிந்து டிரம்மின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல. முதுகு அவள் பக்கம். இடது காது அவள் பக்கம்.

“அண்ணா!”

மூன்று வருஷம் கழித்து வாயிலிருந்து வந்த முதல் சொல். அவனுக்குக் கேட்கவில்லை. அந்த இடது காது சின்ன வயதிலேயே பாதி போய்விட்டது. குவாரிக் குடியிருப்பில் தினமும் ஒரு மணிக்குப் பாறைக்கு வெடி வைப்பார்கள். தங்கை பயந்து அலறுவாள் என்று, சங்கு ஊதியதும் அவன் எங்கிருந்தாலும் ஓடி வந்து அவள் காதுகளைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொள்வான். இருப்பது இரண்டு கைதானே, அவன் காதுகள் திறந்தே இருந்தன. அவளுக்கு அதெல்லாம் எப்போதோ மறந்துபோயிருந்தது.

“அண்ணா! அண்ணா!” உள்ளே பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் திரும்பினான். அவளைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கண் தரைக்குப் போயிற்று. பிறகு அவள் முகத்துக்கு வந்தது.

“தடுப்பான் பூரா என் கேன்ல வந்துடுச்சு. இதுல ஒண்ணுமே இல்ல. பாதி உறைஞ்சது தெரியாம எடுத்துட்டேன். வெளிய வா!”

அவனுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷம் டிரம்களோடு வாழ்ந்தவன்.

“ஹீட்டரை அணைச்சு பத்து நிமிஷமாச்சு,” என்றான் மெதுவாக. “ஊதி மட்டும்தான் ஓடுது. ஆனா சூடு ஏறிக்கிட்டே இருக்கு. அதான் என்னடான்னு பாத்தேன்.”

டிரம்மின் மேல்தட்டு உப்பியிருந்தது. உள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. ‘80’ என்ற எழுத்துக்குக் கீழே பெயின்ட் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

அவள் பாட்டிலின் மூடியைத் திருகினாள். “நீ போ. நான் ஊத்திட்டு வரேன். அந்த மூடி திறக்குற சாவியைக் குடு.”

“பைத்தியமா உனக்கு? திறந்தா மூஞ்சில அடிக்கும். நட!”

“என் தப்பு. நான் பண்ணது. விடு என்னை!”

“யாரு தப்புன்னு வெளிய போய்ப் பேசிக்கலாம், வாடி!”

பாட்டிலைத் தட்டிவிட்டான். அது தரையில் உடைந்தது. அவள் இடுப்பை வளைத்துப் பிடித்து, மூட்டை தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவள் அவன் தோளில் குத்தினாள், அழுதாள். ஷெட் வாசல் தாண்டி, எடைமேடை தாண்டி, தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுச் சுவருக்குப் பின்னால் அவளைக் கீழே தள்ளி மேலே கவிழ்ந்தான். சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. அப்போது அவள் காதுகள் இரண்டின் மேலும் கனமான, காய்ப்புக் காய்த்த இரண்டு கைகள் வந்து அழுந்தின. சங்குச் சத்தம் தூரமாகிவிட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் வாயைத் திறந்து வைத்திருந்தான். குவாரியில் அப்பா சொல்லிக்கொடுத்தது அது, வெடிக்கும்போது வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று. அவன் காதுகள் வெறுமனே திறந்திருந்தன. ‘அண்ணா, உன் காது’ என்று அவள் கையைத் தூக்கினாள். பாதி தூக்கியபோது தரை எகிறியது.

ஷெட்டின் கூரை போயிற்று. சூட்டறையின் நாலு சுவரில் ஒன்று மட்டும் நின்றது. சிதறிய டிரம்மின் மிச்சமெல்லாம் வெள்ளை வெள்ளையாக, கல் மாதிரி இறுகி எடைமேடை வரைக்கும் கிடந்தது. ஆட்கள் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இதைச் சொல்லி எல்லாரும் அவளைத் தேற்றினார்கள்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் காது டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். அண்ணன் முதுகில் பட்ட காயங்கள் ஆறிவிடும். செவிப்பறை கிழிந்ததைக்கூடத் தைக்கலாம். ஆனால் அதற்கும் உள்ளே நரம்பு போய்விட்டது. இடது பக்கம் ஏற்கனவே பழுது, இப்போது வலதும் சேர்ந்துவிட்டது.

“மிஷின் ஏதாவது வச்சா?” என்று கேட்டாள்.

“வச்சுப் பாக்கலாம்மா. நம்பிக்கை குடுக்க முடியாது.”

“கொஞ்சமாவது? பக்கத்துல போய்க் கத்தினா?”

அவர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவளுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து தலையை முட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. மூன்று வருஷம். ஆயிரத்துச் சொச்சம் நாள். ஒரு காது நன்றாகக் கேட்கிற மனிதனைப் பத்தடி தூரத்தில் வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தாளே.

உள்ளே போனாள். அண்ணன் குப்புறப் படுக்க வைக்கப்பட்டிருந்தான், முகம் மட்டும் ஒருக்களித்து. காதுகளில் பஞ்சு.

“என்ன சொன்னான் டாக்டர்?” என்று கேட்டான். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்தினான். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் வாயைத் திறந்து மூடினாள். கை தானாக மேல்சட்டைப் பைக்குள் போயிற்று. நேற்றைய சட்டையேதான், மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. சாக்பீஸ் இரண்டாக உடைந்து உள்ளே கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்பு அலமாரி ஒன்று நின்றது, டிரம்மைப் போலவே கறுப்புப் பெயின்ட் அடித்தது. மண்டியிட்டு, அவன் கண்ணுக்கு நேராக எழுதத் தொடங்கினாள். ‘நான் உன்னை ஒரு வார்த்தை’ என்று எழுதுவதற்குள் கண் மறைத்தது.

அண்ணன் கையை நீட்டினான். ஊசி குத்தியிருந்த கை. அவள் விரல்களிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கித் தரையில் போட்டான்.

“டிரம்மு கனமா இருந்தப்பவே நான் உன்னைக் கேட்டிருக்கணும்,” என்று கத்தினான். “அப்பாவுக்கும் நாலு மணி நேரம் காத்திருந்திருக்கணும். ரெண்டும் என் தப்பு.”

அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி சாக்பீஸைத் தேடித் தரையில் துழாவினாள்.

“எழுதாத! மூணு வருஷம் எழுதினது போதும். பேசு.”

“உனக்குக் கேக்காதே அண்ணா,” என்றாள்.

அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொன்னாள் என்று புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“பேசு,” என்றான் மறுபடி.

அவள் பேசினாள். அப்பாவைப் பற்றி, அன்று பஸ் பழுதாகி நின்றதைப் பற்றி, குவாரி வெடியைப் பற்றி, ஏணியைப் பிடித்ததைப் பற்றி, மூன்று வருஷமாகச் சேர்ந்துபோனது அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். திட்டவும் செய்தாள். நர்ஸ் வந்து பார்வையாளர் நேரம் முடிந்தது என்று சொல்கிற வரைக்கும் நிறுத்தவில்லை. அண்ணன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, சரியான இடம் எதுவென்று தெரியாமலேயே அவ்வப்போது தலையை ஆட்டினான். ஒரு சொல்லும் அவனுக்குக் கேட்கவில்லை.